இரண்டு வழக்கு எண்கள்

மருத்துவமனையின் பின்கட்டில், சலவைக்கூடத்தை ஒட்டி ஒரு தையல் அறை. கிழிந்த படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாம் அங்கேதான் வரும். ஐந்து மெஷின்களில் ஜன்னலோர மெஷின் பாபின் அக்காவுடையது. இடுப்புப் பையில் எப்போதும் நூல் சுற்றிய பாபின் நாலைந்து வைத்திருப்பார். பக்கத்து மெஷினில் நூல் தீர்ந்தால் கேட்பதற்கு முன்பே ஒன்றை நீட்டிவிடுவார். அதனால் வந்த பெயர். பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அக்காவுக்கு வயது ஐம்பத்தைந்து. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தார். அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் உண்டு, அது முறிந்ததும் உண்டு.

அவருடைய இருபத்தாறாவது வயதில் அண்ணி பிரசவத்தில் போய்விட்டார். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. மூன்று மாதம் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டு அக்கா அண்ணன் வீட்டுக்கு வந்தார். கணவருக்கு பஸ் டிப்போவில் டயர் மாற்றும் வேலை. இரண்டு வருஷத்துத் தாம்பத்தியம். நல்லவரா கெட்டவரா என்று சொல்லும் அளவுக்குக்கூடப் பழகவில்லை. அதிகம் பேசமாட்டார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்ப்பார். ஞாபகத்தில் நின்றது அவ்வளவுதான்.

மூன்று மாதம் ஏழு மாதமானது. கணவர் ஒருநாள் கூப்பிட வந்தார். வாசலிலேயே வார்த்தை தடித்தது. "இனிமே இந்தப் படி ஏறினா மரியாதை கெட்டுடும்" என்று அண்ணன் கத்தியதும், கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனதும் உள்ளே இருந்த அக்காவுக்குக் கேட்டன. குழந்தை அப்போதுதான் மடியில் கண்ணயர்ந்திருந்தது. எழுந்திருக்க முடியவில்லை.

கோபம் ஆறினால் மறுபடி வருவார் என்று அக்கா காத்திருந்தார். ஆளும் வரவில்லை, ஒரு வரி கடிதமும் வரவில்லை. குழந்தைக்கு மூன்றரை வயதானபோது அண்ணன் ஒரு சாயங்காலம் வந்து, "அவன் கோர்ட்டுல உன்னை அறுத்து விட்டுட்டாம்மா. சனியன் ஒழிஞ்சுதுன்னு நினைச்சுக்கோ" என்றார். எந்தக் கோர்ட், என்ன தேதி என்று அக்கா கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காதவர் எந்தக் கோர்ட்டுக்குப் போனால் என்ன என்று விட்டுவிட்டார். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் தையல் வேலையில் சேர்ந்தார். கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டது காதுக்கு வந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு அவர் இறந்துபோன செய்தியும் வந்தது. அன்றைக்கு அக்கா மெஷினை நிறுத்தவில்லை. "வேண்டாம்னு தள்ளினவருக்கு நான் எதுக்கு அழணும்?" என்றார்.

அவர் தூக்கி வளர்த்த அண்ணன் மகள் இப்போது வெளிநாட்டில் இருந்தாள். தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை, நீங்க பக்கத்துல இல்லாம நான் பெத்துக்கவே மாட்டேன்" என்று போனில் அடம்பிடித்தாள்.

"ஏண்டி, நான் வர்ற வரைக்கும் உள்ளயே வச்சுப் பூட்டிக்குவியா?" என்று சிரித்துவிட்டு அக்கா பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே சிக்கியது. விண்ணப்பத்தில் விவாகரத்து ஆனவர் என்று எழுதினால் தீர்ப்பு நகல் வேண்டுமாம், வாய்வார்த்தை செல்லாதாம். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கேட்டார்.

"அதெல்லாம் கரையான் தின்னு எத்தனை காலமாச்சு. கல்யாணமே ஆகலைன்னு எழுதிக் குடுத்துடு" என்றார் அண்ணன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"பொய் எழுதிக் குடுத்துட்டுப் பிளேன் ஏறச் சொல்றீங்களா? நானே கோர்ட்டுல போய்க் கேட்டுக்கறேன்."

"உனக்கு எதுக்கும்மா அந்த அலைச்சல்?" அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது. வயசான காலத்தில் தங்கை அலையப் போகிறாளே என்ற கவலை என்று அக்கா எடுத்துக்கொண்டார்.

நீதிமன்ற வாசலில் மனு அடித்துக் கொடுக்கும் டைப்பிஸ்ட் முதல் கேள்வியிலேயே மடக்கினார்.

"கேஸ் நம்பர் சொல்லுங்கம்மா."

"தெரியாதுங்க."

"சரி, வருஷம்?"

"எங்க அண்ணன் பொண்ணு திருத்தமாப் பேச ஆரம்பிச்ச வருஷம்."

டைப்பிஸ்ட் சிரிக்கப் பார்த்து, அக்காவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். இருவருமாக விரல் மடக்கிப் பின்னோக்கி எண்ணி ஒரு வருஷத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"கேஸ் போட்டது நீங்களா, அவரா?"

"அவர்தான்."

"அப்ப அவர் பேர்லதான் தேடணும். போட்டவங்க பேர்தான் முன்னால இருக்கும். பேர் சொல்லுங்க."

இத்தனை காலம் வாயில் வராத பெயர். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். டைப்பிஸ்டுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

மனுவை எடுத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக் குடும்ப நீதிமன்றத்துக்குப் போனார். இந்தக் கோர்ட் வருவதற்கு முந்தின வழக்குக் கட்டு எதுவும் இங்கே இல்லை, பழைய கட்டடத்துப் பதிவறைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பழைய கட்டடத்தில், பதிவறைக்காரம்மா லீவு, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் அந்தம்மா இருந்தார். தூசிக்காக மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு உயரமான பதிவேடுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை பழசுன்னா வைக்கப்போர்ல ஊசி தேடற மாதிரிம்மா."

"ஊசி தேடறதுதாங்க என் பொழப்பே. தையக்காரி நான்."

துணிக்குப் பின்னால் அந்தம்மா சிரித்தது கண்ணில் தெரிந்தது. பதிவேட்டை இறக்கிப் பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. முந்தின இரண்டு வருஷத்துப் பதிவேடுகளையும் இறக்கினார்.

"உங்க வீட்டுக்காரர் பேர்ல ரெண்டு கேஸ் இருக்கே. உங்களுக்கு எது வேணும்?"

"ரெண்டா? ரெண்டு தரமா என்னை அறுத்தார்?"

"இல்லம்மா. ரெண்டாவதுதான் விவாகரத்து. முதல்ல போட்டது, உங்களைத் தன்னோட சேர்ந்து வாழ அனுப்பி வைக்கச் சொல்லிப் போட்டது." அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தம்மா குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத் தெரியாதா?"

அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கட்டையும் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

கட்டுகளைத் தேடி எடுக்க ஒரு வாரமானது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, பதிவறை மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து அக்கா முதல் கட்டைப் பிரித்தார். மஞ்சளேறிய தாளில் கணவரின் மனு டைப் அடிக்கப்பட்டிருந்தது. வக்கீல் பாஷைதான். நடுநடுவே அவர் தெரிந்தார். வாசலில் நடந்த சண்டையில் தன் பேரிலும் தப்பு உண்டு என்று சொல்லியிருந்தார். டிப்போவுக்குப் பக்கத்தில், குழாய் உள்ளேயே இருக்கிற வீடாகப் பார்த்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி: "தாயில்லாத அந்தக் குழந்தையையும் என் மனைவி உடன் அழைத்து வந்து வளர்ப்பதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை."

அந்த வரியை அக்கா எத்தனை முறை படித்தார் என்று தெரியாது. பதிவறைக்காரம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மனுவுக்குப் பின்னால் திரும்பி வந்த சம்மன்கள் இருந்தன. வீட்டுத் தபாலை அந்நாளில் அண்ணன்தான் வாங்குவார். தபாலில் போன இரண்டிலும் "வாங்க மறுப்பு" என்று எழுதியிருந்தது. மூன்றாவதை நீதிமன்ற ஊழியர் நேரில் எடுத்துப் போயிருக்கிறார். அதன் முதுகில் அவர் எழுதியிருந்தார்: எதிர்மனுதாரர், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அண்ணன் மட்டும் வீட்டில் இருந்தார். தங்கைக்குப் போக விருப்பமில்லை என்று சொல்லி வாங்க மறுத்துக் கையொப்பமிட்டார்.

கீழே அண்ணனின் கையெழுத்து. குழந்தையின் மார்க் ஷீட்டுகளில் வருஷா வருஷம் அக்கா பார்த்த அதே கையெழுத்து, அடியில் நேர்கோடு போட்டது.

அதற்கடுத்த தாளில் விசாரணைத் தேதிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வாசகம். மனுதாரர் ஆஜர். எதிர்மனுதாரர் அழைக்கப்பட்டார், வரவில்லை.

"அழைக்கப்பட்டார்னா என்னங்க?"

"கோர்ட் வாசல்ல நின்னு உங்க பேரைச் சொல்லி மூணு தரம் சத்தமாக் கூப்பிடுவாங்கம்மா."

அக்கா தேதிகளை எண்ணினார். பதினொன்று. பதினொரு நாள், ஒவ்வொரு நாளும் மூன்று முறை, அந்த வராந்தாவில் அவர் பெயர் ஒலித்திருக்கிறது. டயர்க் கறை போகாத கையோடு கணவர் ஓரமாக நின்று அதைக் கேட்டிருப்பார். யாராவது படியேறி வருகிறார்களா என்று பார்த்திருப்பார். கணவர் செத்த சேதி வந்தபோது அழாத அக்கா, கட்டின் மேல் தண்ணீர் படக்கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

இரண்டாவது கட்டு மெல்லியது. மனைவி வந்து சேரவேண்டும் என்று உத்தரவாகியும் ஒரு வருஷமாக வரவில்லை, ஆகவே விவாகரத்து.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன்."

அண்ணன் கண்ணாடியை மடித்து ஜன்னல் திட்டில் வைத்தார். "நீயும் போயிட்டா குழந்தையும் போயிருக்கும். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன் நான். வெறும் வீட்டுல என்னம்மா பண்ணியிருப்பேன்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா."

"கேட்டா நீ போயிருப்ப."

"போயிருப்பேனோ, குழந்தையையும் உங்களையும் பார்த்துட்டு இங்கயே இருந்திருப்பேனோ. அது எனக்கே தெரியாதே. தெரிஞ்சுக்க விடாமப் பண்ணிட்டீங்களே!" அக்கா கைப்பையைக் கீழே வைத்தார். "அவர் என்னை வேண்டாம்னு சொன்னார்னு நம்பி, அவர் சாவுக்குக்கூட நான் போகலை."

அண்ணன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அக்கா அவரைத் தேற்றவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு வழக்கம்போல அவருக்கும் சேர்த்து இரண்டு தட்டு வைத்தார்.

தீர்ப்பு நகல் கிடைத்து, பாஸ்போர்ட் வந்து, அக்கா வெளிநாடு போனார். ஆண் குழந்தை. ஐந்து மாதம் குளிப்பாட்டித் தூங்க வைத்தார். "ஏன் அத்தை, அப்பாகூட போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டேங்கறீங்க?" என்று அண்ணன் மகள் ஒருநாள் கேட்டாள். காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார். தன்னால்தான் அத்தையின் வாழ்க்கை போயிற்று என்று அந்தப் பெண் ஒருநாளும் நினைக்கக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முதல் மனுவுக்கும் ஒரு நகல் வாங்கியிருந்தார். அதை யாருக்கும் காட்டவில்லை.

திரும்பி வந்ததும் மருத்துவமனைக்குப் பின்சந்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். வேலைக்குப் பக்கம் என்று காரணம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சமைத்து வைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார்.

தையல் அறையில் அடுத்த மெஷின்காரி ஒருத்திக்கு மட்டும் முழுக் கதையும் தெரியும். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணன் மன்னிப்புக் கேட்டாராக்கா?"

"கேட்டார். போன வாரமும் கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அக்கா விரிப்பின் கிழிசலை மெஷினுக்கு அடியில் நேராக்கிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணும் சொல்லலைடி. சொல்ல வரலை."