எட்டு மாதக் குஞ்சு என்று விற்கப்பட்ட கிளி

நான் ஏமாந்ததை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். என் வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரிப்பார்கள். தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஏற்றுமதி முகவர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக நான் ஆவணம் சரிபார்க்கிறவள். கன்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. கப்பல் கிளம்புகிற நேரத்தில் தாளைத் திருப்பி அனுப்பி எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். அப்பேர்ப்பட்டவள், கிளி விற்கிறவன் நீட்டிய சான்றிதழை வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதிலிருந்த எண்ணும் கிளியின் காலில் கிடந்த வளையத்தின் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கத் தோன்றவில்லை. என் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் என் கோபத்துக்கு என்னைவிடத் தகுதியான ஆட்கள் உண்டு.

மகள் வேலை கிடைத்து வெளிநாடு போன பிறகு வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். மீன் வளர்க்கலாமே என்றார். பேசாத ஒன்று வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, பேசுகிற ஒன்று வேண்டும் என்றேன். ஆனால் ஆசைப்பட்ட மறுநாளே ஓடிப்போய் வாங்கிவிடவில்லை. ஒரு வருடம் படித்தேன். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நாற்பது ஐம்பது வருடம் உயிரோடு இருக்கும். எனக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்குப் பிறகு யார் என்று மகளிடம் கேட்டு, அவள் போனிலேயே சம்மதம் சொன்ன பிறகுதான் அடுத்த அடி வைத்தேன். சூரியகாந்தி விதையை மட்டும் போட்டு வளர்த்தால் ஈரல் கெடும், சாக்லேட் விஷம், ஒட்டாத தோசைக்கல் தீய்ந்தால் வரும் புகை நம்மைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, கிளியைக் கொன்றுவிடும். இதெல்லாம் தெரிந்துகொண்டு, வீட்டிலிருந்த அந்தத் தோசைக்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புக் கல் வாங்கினேன். இறக்கையை விரித்தாலும் கம்பியில் இடிக்காத அளவுக்குக் கூண்டு செய்யச் சொன்னேன்.

ஊருக்குள் இருக்கும் ஒரு கடையில் மூன்று சாம்பல் கிளிகள் இருந்தன. இரண்டு ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தன. மூன்றாவது கம்பியோரம் நடந்து வந்து தலையைச் சாய்த்து என்னை ஒரு கண்ணால் பார்த்தது. இடது காலில் ஒரு நகம் இல்லை. கேட்டதற்கு, பண்ணையில் கதவு இடித்துவிட்டது என்றார் கடைக்காரர். வயது கேட்டேன்.

“குஞ்சு மேடம். எட்டு மாசம்தான் ஆவுது. பெங்களூர்ப் பண்ணையில கைத்தீனி குடுத்து வளத்தது. நீங்க என்ன பேசுதியளோ அதத்தான் பேசும்.”

சான்றிதழ் கேட்டேன், கொடுத்தார். அரசாங்க இணையதளத்தில் பதிய வேண்டுமே என்றேன், அதற்கும் தலையாட்டினார். கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் கேட்டுவிட்ட பெருமிதத்தோடு வீட்டுக்கு வந்தேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

முதல் மூன்று வாரம் அது வாய் திறக்கவில்லை. விதையைத் தவிர எதையும் தொடவில்லை. பப்பாளி, கொய்யா, முருங்கைக்கீரை என்று ஒவ்வொன்றாக நான் தின்று காட்டி, அதற்கும் கொடுத்துப் பழக்கினேன். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு தேவை. கடைகளில் அதைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்; எங்கள் அலுவலகத்துக்குக் கீழவைப்பாரிலிருந்து வரும் ஒருவர் கடற்கரையில் கிடப்பதைப் பை நிறையப் பொறுக்கி வந்து தந்தார். கழுவி வெயிலில் காயவைத்துக் கம்பியில் செருகினேன். அதைக் கொறித்தது. ஆனால் நெஞ்சுச் சிறகை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தது. காலையில் கூண்டின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடி கிடக்கும். நெஞ்சில் ரோஜா நிறத் தோல் தெரிய ஆரம்பித்தது.

வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கண் பட்டுவிட்டது என்றார்கள். வணக்கம் சொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். கணவரின் சித்தப்பா கம்பிக்குள் முறுக்கை நுழைத்து, ஏன் பேசமாட்டேங்குது, ஊமைக் கிளியாப் பாத்து வாங்கிட்டு வந்துட்டியா என்று கேட்டார். ஒரு உயிர் கண் முன்னால் தன் தோலை உரித்துக்கொண்டிருக்கிறது, இவருக்கு வணக்கம் வேண்டுமாம். முறுக்கைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தேன். முன்னறையிலிருந்து ஆண் குரல் கேட்டது.

“ஏளா, கதவச் சாத்து. கொசு வருது.”

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் கணவர் என்னை ஏளா என்று கூப்பிட்டதில்லை. எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். சண்டைக்குத் தயாராகத்தான் வெளியே வந்தேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவின் மூடி அவர் பல்லிடுக்கில் இருந்தது. அவர் தலையை நிமிர்த்திக் கூண்டைப் பார்த்தார், நானும் பார்த்தேன். கிளி ஒருமுறை இருமியது. பல வருடம் புகை பிடித்த நெஞ்சிலிருந்து வரும் நீளமான இருமல். கடைசியில் தொண்டையைச் செருமி முடித்தது. எங்கள் வீட்டில் யாரும் புகை பிடிப்பதில்லை. எட்டு மாதக் குஞ்சு. பெங்களூர்ப் பண்ணை. அது எங்கள் ஊர்க் கடற்கரைத் தெருப் பேச்சு பேசுகிறது.

மறுநாளே திருநெல்வேலியில் பறவை பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, நெஞ்சைப் பார்ப்பதற்கு முன்னால் கண்ணைப் பார்த்தார். “எட்டு மாசம்னு யார் சொன்னா? குஞ்சுக்குக் கண்ணு கருப்பா இருக்கும். இது வெளிர்மஞ்சள். வளந்த கிளிம்மா.” பிறகு கால் வளையத்தைத் துடைத்து எண்ணை வாசித்தார். நான் சான்றிதழை விரித்தேன். கடைசி இரண்டு இலக்கமும் வேறு. இருபத்திரண்டு வருட அனுபவம் அந்த மேசையில் அசடு வழிந்தது.

மருத்துவர் அந்த எண்ணைத் தன் கம்ப்யூட்டரில் தட்டினார். அதே கிளி ஒன்பது வருடத்தில் மூன்று முறை அவரிடம் வந்திருக்கிறது. நகம் பிய்ந்தபோது கட்டுப்போட்டதே அவர்தான். சொந்தக்காரர் தூத்துக்குடிக்காரர். போன் எண்ணைத் தர முடியாது, நானே பேசிப் பார்க்கிறேன் என்றார். நோய் ஒன்றும் இல்லை, ஆளைத் தேடுகிறது, அதனால்தான் பிடுங்குகிறது என்றும் சொன்னார்.

திரும்பும் வழியில், விட்டுவிடு என்று கணவர் சொல்லச் சொல்லக் கேட்காமல் கடையில் இறங்கினேன். வயதைச் சொன்னேன், எண்ணைச் சொன்னேன். கடைக்காரர் மீன்தொட்டியில் வலை விட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“பேசுத கிளிதான கேட்டிய? பேசுதுல்லா?”

சான்றிதழைப் பற்றியும் கேட்டேன். தாள் மேலிடத்திலிருந்து வருகிறதாம். அவருக்கு ஒன்றும் தெரியாதாம்.

மறுநாள் காலையில் புது எண்ணிலிருந்து போன். ஒரு பெண் குரல். இடது காலில் நகம் இல்லையா என்று மட்டும் கேட்டது. ஆமாம் என்றேன். பார்க்க வரலாமா என்றார். மத்தியானம் ஆட்டோவில் தனியாக வந்து இறங்கினார். அறுபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட கயிறு. வாசற்படி ஏறும்போதே உள்ளேயிருந்து அந்தக் குரல், “ஏளா” என்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னது இதுதான். வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்று வந்ததும் சென்னையில் முறைப்படி தாளோடு வாங்கிய குஞ்சு இது. தன் கையாலேயே தீனி ஊட்டி வளர்த்தார். போன வருடம் மூச்சு முட்டி மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாற்பது நாள். இந்த அக்காவும் கூடவே இருந்தார். வீட்டில் இருந்தது மகன் மட்டும். திரும்பி வந்தபோது கூண்டு இல்லை. கிளி சீக்கு வந்து செத்துவிட்டது என்று மகன் சொல்லி, முருங்கை மரத்தடியில் மண்ணைக் கிளறி மூடிய இடத்தைக் காட்டியிருக்கிறான்.

“இங்கனதான் பொதச்சேன்னான். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் சிரிச்சாவ, இவரு போயி அங்கன மெழுகுவர்த்தி ஏத்தி வச்சாரு. வெறும் மண்ணுக்கு ஏத்தியிருக்காரும்மா.”

அவர் அழவில்லை. நான்தான் எழுந்து சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன். கிளியை விற்றது ஒரு பக்கம். ஒரு மனுஷன் மண்வெட்டி எடுத்து, ஒன்றுமில்லாத குழியை வெட்டி, மூடி, அதைத் தகப்பனுக்குக் காட்டியிருக்கிறான். தகப்பன் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்திருக்கிறான்.

கூண்டோடு எடுத்துக்கொண்டு போங்கள் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையைச் சொன்னால் வார்த்தை எளிதில் வரவில்லை. கிளி அப்போதுதான் என் கையிலிருந்து கொய்யா வாங்க ஆரம்பித்திருந்தது. நான் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். இதன் சிறகிலிருந்து மாவு மாதிரி தூசி உதிருமாம். வீட்டுக்காரர் நெஞ்சுக்கு அது ஆகாது, வீட்டில் பறவையே இருக்கக் கூடாது என்று மதுரையில் டாக்டர் சொல்லியிருந்தாராம். “மவன் வித்துட்டேன்னு சொல்லியிருந்தா நாலு நாளு பேசாம இருந்திருப்பாரு. அவ்வளவுதான்.” கிளி என்னோடு இருக்கப்போகிறது என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த அம்மா முன்னால் அப்படி நிம்மதிப்பட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவருடைய வீட்டுக்காரரே வந்தார். மகன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். கூண்டை வெளியே கார் ஷெட்டில் காற்று அடிக்கிற பக்கம் வைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், முகத்தில் முகக்கவசம். மூன்றடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கிளி அவரைப் பார்த்தது. பார்த்துவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று. எனக்குத்தான் பதைப்பாக இருந்தது. அவர் அவசரப்படவில்லை.

“ஏலே, கோவமா?” என்றார் மெதுவாக.

கிளி திரும்பாமலே இருமியது. அவருடைய இருமல், செருமலோடு. அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாக மாறியது. கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எது யாருடையது என்று சொல்லியிருக்க முடியாது. அதற்குப் பிறகு கிளி அலகால் கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்து, பிடரிச் சிறகு சிலிர்க்கத் தலையைக் குனிந்து கம்பியோரம் வைத்தது. அவர் ஒரு விரலை நீட்டிச் சொறிந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் நனைந்திருந்தது.

நான் வாசலுக்குப் போனேன். மகன் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்கு மேலிருக்கும். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தான்.

“டாக்டர் சொன்னத நீங்க கேக்கலல்லா அக்கா. அவரு உயிரோட இருக்கணும்னுதான் செஞ்சேன்.”

“சரி. குழி எதுக்குத் தோண்டின?”

அவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். அதில் அப்போது எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெரியவர் முடிந்த ஞாயிறுகளில் வருகிறார். மூச்சு சரியில்லாத வாரங்களில் போனில் பேசுகிறார், நான் ஸ்பீக்கரில் போட்டுக் கூண்டருகே வைக்கிறேன். கிளி பிடுங்குவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ஆனால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிறகு திரும்ப முளைக்கவில்லை. வேர் செத்துவிட்டது, இனி முளைக்காது என்கிறார் மருத்துவர். பதிவு விஷயத்தைப் பெரியவரின் பழைய தாளை வைத்து நானே சரிசெய்தேன், ஏழு முறை நடந்து. கடைக்காரர் மேல் புகார் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அதிகாரி மரியாதையாகப் பேசினார், விசாரிப்பதாகச் சொன்னார். கடை திறந்துதான் இருக்கிறது. அந்த மற்ற இரண்டு கிளிகளும் இப்போது அங்கே இல்லை. எத்தனை மாதக் குஞ்சு என்று சொல்லி, யார் வீட்டுக்குத் தள்ளினாரோ.

மகன் இப்போதும் தகப்பனை இறக்கிவிட்டு வாசலிலேயே நிற்கிறான். வெயிலானாலும் நிற்கிறான். உள்ளே கூப்பிடு, அவனும் பிள்ளைதானே, பயத்தில் செய்துவிட்டான் என்கிறார் கணவர். பெரியவரே அவனை மன்னித்துவிட்டதாகத்தான் தெரிகிறது. ஒருநாளும் அவனைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. வாசலில் நிற்கிறவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. நான் இன்னும் கொடுக்கவில்லை.