தலைப்பாக் கட்டிய பூச்சி

பூச்சி பிடிக்கிறவன் வீட்டில் எப்போதும் ஒரு பேசின் குறைவாகத்தான் இருக்கும். வலை, குப்பி, பூதக்கண்ணாடி என்று எதை வாங்கினாலும் கடைசியில் கைவைப்பது அடுக்களையில். உங்களிலும் யாராவது பத்துச் சதம் வராத ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்காரியின் பாத்திரங்களைக் களவெடுத்திருந்தால், இந்தக் கதையில் பாதி உங்களுக்கு முதலே தெரியும்.

பேசின்

என் மனைவியை உயிரோடு கடைசியாகக் கண்டபோது அவள் பின்விறாந்தையில் குனிந்து, பிட்டுக்கு மாக் குழைக்கிற பேசினுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவை ஒருநாட் பூச்சியின் குஞ்சுகள். செட்டை, அதாவது சிறகு, முளைக்கும்வரை அவை தண்ணீருக்குள் பாசியைத் தின்று, செவுளால் மூச்சுவிட்டு, மூன்று வாலோடு நீந்தித் திரியும். செட்டை வந்தபின் தின்ன வாயில்லை. ஆணுக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். இவற்றை இனம்பிரித்துப் பெயர் எழுதுகிறவர்கள் கேட்பது அந்தச் செட்டை முளைத்த ஆணைத்தான். அதன் வால்ப்பக்கத்தில் உள்ள சிறிய இடுக்கியின் வடிவைப் பார்த்தே இது இன்னது என்று சொல்வார்கள். கரவெட்டியில் நான் எடுத்த ஒரு வகை, புத்தகத்தில் இருந்த எதனோடும் ஒத்துவரவில்லை. பெண்கள் வெளிவந்திருந்தன. எனக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு ஆண்.

இந்தக் குடும்பத்து ஆணுக்குத் தலைக்கு மேல் இன்னொரு சோடிக் கண், செம்மண் நிறத்தில், தலைப்பாக் கட்டினதுபோல் இருக்கும். குஞ்சாக இருக்கும்போதே கடைசி நாட்களில் அது தெரியத் தொடங்கிவிடும். எங்கள் கலியாணங்களில் தலைப்பாக் கட்டுகிறவர் மாப்பிள்ளை. ஆகவே அவள் அதற்கும் அந்தப் பெயரையே வைத்தாள். அன்று காலை அதன் முதுகில் இருந்த செட்டைப் பொதி கறுத்திருந்தது. கறுத்தால் அன்றைக்கோ மறுநாளோ வெளிவரும். வெளிவந்ததைக் கெடாமல் போட்டு வைக்கிற ஸ்பிரிட் வீட்டில் தீர்ந்துபோயிருந்தது. யாழ்ப்பாணம் போய் வாங்கிவரச் சைக்கிளை எடுத்தேன். அவள் பேசினை நுளம்பு வலைத்துண்டால் மூடிக்கொண்டே சொன்னாள்: “மாப்பிளை வெளிக்கிடுறார். பொம்பிளை வீட்டுக்காரர் சுணங்காமல் வாங்கோ. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

நல்ல பூச்சி

இந்த வேலைக்கு நான் வந்த விதத்தையும் சொல்லவேண்டும். உலர் வலயத்து நீர்நிலைகளில் பூச்சிகளைத் தேடி வந்த சிலருக்குக் கூலியாளாகப் போனேன். அவர்கள் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள், எனக்கு முடியவில்லை. அவர்கள் விட்டுப்போன புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். ஒருநாட் பூச்சிகளில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர் வேண்டும். அதனால் அவை மலைநாட்டில் செழித்திருக்கும். வறண்ட நிலத்துக்கு மிஞ்சுவது, மாரியில் நிரம்பி வெயிலில் வெடிக்கிற குளத்தையும் தோட்டத்துச் சீமெந்துத் தொட்டியையும் வைத்துச் சமாளிக்கிற இரண்டு மூன்று குடும்பங்கள்தான். அவற்றில் எது குடாநாட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. பார்ப்பதென்றால் ஒவ்வொரு படலையாகத் தட்டவேண்டும்.

உரும்பிராயில் ஒரு கிணற்றடி. நான் தொட்டிக்குள் வலையை விட்டதைக் கண்டதும் வீட்டு அம்மா சிரட்டைகளைக் கவிழ்த்தாள், பழைய ரயரை வேலிக்கு அப்பால் எறிந்தாள், பூச்சாடித் தட்டுகளை ஊற்றினாள். டெங்கு நுளம்பு தேடி வழக்குப் போடுகிறவன் என்று நினைத்துவிட்டாள். நான் அவசரப்பட்டு, “பயப்பிடாதேங்கோ அம்மா, உங்கடை தொட்டியிலை இருக்கிறது நல்ல பூச்சி” என்றேன். அவள் உள்ளே போய்க் குளோரின் பையைக் கொண்டுவந்து, என் கண்ணுக்கு முன்னாலேயே தொட்டிக்குள் கொட்டினாள். “இப்ப நல்ல பூச்சி எண்டுவியள், நாளைக்குக் கோட்டுக்கு வா எண்டு துண்டு தருவியள். உந்த விளையாட்டு என்னட்டை வேண்டாம்!”

கொடிகாமம் சந்தையில்

தென்மராட்சிக் குளங்களுக்குப் போகிற நாட்களில் கொடிகாமம் சந்தையில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடிப்பேன். அங்கே மரவள்ளிக்கிழங்கு விற்கிற ஒருவர் என் வலையைக் கண்டு, என்ன பிடிக்கிறனீங்கள் என்று கேட்டார். சொன்னேன். ஈசலோ என்றார். ஈசல் கறையானின் பிள்ளை, இது வேறு, இது தண்ணீரில் பிறக்கிறது என்றேன். பேர் என்ன என்றார். புத்தகத்தில் ஒருநாட் பூச்சி, எங்கள் சனத்தின் வாயில் ஒரு பேரும் இல்லை என்றேன்.

அவர் நல்ல வியாபாரி. கிழங்கைத் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டார். விற்கலாமோ? ஏலாது. தின்னலாமோ? ஏலாது. மருந்துக்கு உதவுமோ? உதவாது. பயிரை அழிக்குமோ? அழிக்காது. கடிக்குமோ? அதற்கு வாயே இல்லை. தராசைத் துடைத்து வைத்துவிட்டுச் சொன்னார்: “கடியாத சீவனுக்கு ஆர் அண்ணை பேர் வைக்கிறது?”

துரவு

கரவெட்டியில் தோட்டத்து மூலையில் ஒரு துரவு இருந்தது. கல் கட்டாமல் மண்ணில் தோண்டிய, ஒரு பக்கம் சரிவாக இறங்குகிற நீர்க்குழி. கச்சான் காற்று அடித்துச் சுற்றியிருந்த குளமெல்லாம் வெடித்துப்போன காலத்திலும் அதில் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. அதற்குள்தான் அந்தக் குஞ்சுகளைக் கண்டேன். வேறு இடங்களில் நான் பிடித்தவற்றுக்குச் செவுள் இரட்டைத் தகடாக இருக்கும். இவற்றுக்கு ஒற்றைத் தகடு. ஒரு மாரியும் ஒரு கோடையும் மற்றக் கிராமங்களில் தேடினேன். இந்த வகை அந்தத் துரவைத் தவிர வேறெங்கும் அகப்படவில்லை.

காணிக்காரர் பரமலிங்கம் நல்ல மனிதர். நான் போகிறபோதெல்லாம் சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பனைநிழலில் இருந்து, நான் சேற்றுக்குள் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் துரவைக் கொஞ்சக் காலம் இப்படியே விட்டுவைக்க முடியுமோ என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார். “தம்பி கனடாவிலையிருந்து காசு அனுப்பின உடனை உந்தத் துரவை மூடிப்போட்டு வீடு கட்டுறதுதான். அதுவரைக்கும் வந்து வடிவா அள்ளுங்கோ.”

செத்த வீட்டுத் தண்ணீர்

ஸ்பிரிட் போத்தலோடு நான் திரும்பி வந்தபோது படலையில் ஆட்கள் நின்றார்கள். என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். வழிவிட்ட விதத்திலேயே விளங்கிவிட்டது. பின்விறாந்தையில் சரிந்து கிடந்திருக்கிறாள். நெஞ்சுவலி என்றார்கள். அவளை உள்ளே கிடத்தியிருந்தார்கள். காலையில் கட்டியிருந்த அதே சீலை. நான் பக்கத்தில் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

பிறகு எழுந்து பின்னுக்குப் போனேன். பேசின் கவிழ்த்துக் கழுவி வெயிலில் வைத்திருந்தது. வலைத்துண்டை உதறித் துவைத்துக் கொடியில் போட்டிருந்தார்கள். செவ்வரத்தைச் செடியடியில் மண் கொஞ்சம் கறுத்திருந்தது, அதுவும் காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து தேடியிருக்கலாம். முற்றம் நிறைய ஆட்கள். உள்ளே அவள். நான் குனியவில்லை. இதை ஆர் ஊற்றினது என்று மட்டும் கேட்டேன். சத்தமாகக் கேட்கவில்லை. குடம், வாளி, கேத்தில் என்று வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிவிட்டு, கைகளைச் சீலையில் துடைத்துக்கொண்டு நின்ற என் மனைவியின் தமக்கை திரும்பிப் பார்த்தாள். “செத்த வீட்டிலை பிடிச்சு வைச்ச தண்ணி வைச்சிருக்கிறேல்லை எண்டு உமக்குத் தெரியாதோ? என்ரை தங்கச்சி போனது பெரிசில்லை, தண்ணி போனதோ உமக்குப் பெரிசு?”

கல்வெட்டு

முப்பத்தோராம் நாளுக்கு எங்கள் பக்கத்தில் செத்தவரைப் பற்றி ஒரு புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். மைத்துனர் லண்டனிலிருந்து வந்து பொறுப்பெடுத்தார். முகப்பில் அவள் படம், கீழே அவருடைய கவிதை. ஒருநாட் பூச்சிபோல் வந்தாயே, ஒரு நாளில் பறந்தாயே என்று அது தொடங்கியது. என் தொழிலுக்கு மரியாதை செய்ததாக நினைத்து என் முகத்தையே பார்த்தார்.

நான் சொன்னேன்: அது ஒரு நாள் சீவிக்கிற பூச்சி இல்லை. மாதக்கணக்காய்த் தண்ணீருக்குள் சீவித்த பிறகுதான் வெளியில் வருகிறது. எங்கள் வறண்ட பக்கத்துப் பெண் பூச்சிகள் வெளியில் வந்த பிறகும் சும்மா சாவதில்லை. முட்டையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு சுவரில் ஒரு கிழமைக்கும் மேலே அசையாமல் காத்திருக்கும். பொரிக்கிற நேரம் பார்த்துத்தான் தண்ணீரில் இறங்கும். நிலைக்காத தண்ணீருக்கு அதுதான் வழி. சனம் செட்டையைத்தான் காணுகிறது, அந்தக் காத்திருப்பை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. இவ்வளவையும் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் கைவைத்தார். “மச்சான், அடிச்சாச்சு. செத்த வீட்டுப் புத்தகத்திலை ஆர் சரிபிழை பாக்கப்போயினம்?”

வேலிக்கு மேலால்

அந்த முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து எல்லாரும் போனபின் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வாழையிலைகளைப் பொறுக்க வந்தா. என்னோடு அதிகம் கதைக்கிறவ அல்ல. இலைகளை அள்ளிக் கட்டி வைத்துவிட்டு என் பக்கம் வந்தா.

“அண்ணை, உங்கடை மனுசி போன அண்டைக்கு வேலிக்கு மேலாலை என்னைக் கூப்பிட்டவ. ‘பாக்கியம், மாப்பிளை செட்டையோடை வந்து வலையிலை இருக்கிறார், ஓடி வாடி, வந்து பார்’ எண்டவ. சரியான சந்தோசம். நான்தான் அடுப்பிலை பால் பொங்குது எண்டிட்டு வரேல்லை.”

மதில்

அடுத்த மாரி ஓய்கிற நேரம் கரவெட்டிக்குப் போனேன். ஆண் வெளிவந்தது உண்மையென்றால் துரவில் அதன் சகோதரங்கள் இருக்கவேண்டும். வழி பிழைத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பனைகள் இல்லை. தோட்டத்தைச் சுற்றி மதில், மதிலுக்கு இரும்புப் படலை, உள்ளே இரண்டு மாடி வீடு. துரவு இருந்த இடத்தில் கார் விட நிலத்துக்குக் கல் பதித்திருந்தார்கள். மழைத்தண்ணீர் அதில் தேங்காமல் வழிந்து ரோட்டுக்குப் போனது.

பரமலிங்கம் உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். துரவை எதைப் போட்டு மூடினீர்கள் என்று கேட்டேன். வன்னியிலிருந்து கிரவல் மண் என்றார், எத்தனை லோட் என்றும் பெருமையாகச் சொன்னார். என் முகத்தில் என்ன கண்டாரோ, குரலைத் தாழ்த்தினார். அவருக்கு உண்மையிலேயே கவலைதான். “நான் அண்டைக்கே சொன்னனான் எல்லோ, அள்ளுறதெண்டா வடிவா அள்ளுங்கோ எண்டு.”

பதிவு

அதன்பிறகும் தேடினேன். நெல்வயல் வாய்க்கால், கோயில் கேணி, கைவிட்ட வீட்டுத் தொட்டி, வடமராட்சியில் மிஞ்சியிருந்த துரவுகள். எல்லாவற்றிலும் இரட்டைத் தகட்டுக்காரர்தான். உங்களுக்கும் ஒரு சாமான் தொலைந்திருந்தால் தெரியும்: தேடத் தேட மற்றச் சாமான்கள்தான் அகப்படும்.

உலர் வலயத்தின் ஒருநாட் பூச்சிகளையும் அவை இருக்கிற இடங்களையும் ஒன்றாகத் தொகுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, என்னிடமிருந்த பெண் பூச்சிகளின் படங்களை அனுப்பினேன். அந்த வேலையில் இருந்த ஒரு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். மரியாதையான பிள்ளை. ஒற்றைத் தகடு என்றதும் அவளுடைய குரலும் மாறிவிட்டது. ஆண் கிடைத்தால் கட்டாயம் புது வகையாகவே போடலாம், ஆண் வெளிவந்ததோ என்று கேட்டாள். ஓம் என்றேன். நீங்கள் கண்டனீங்களோ என்றாள். இல்லை, என் மனைவி கண்டவ என்றேன். பேனை மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப நல்லது ஐயா. அவவிட்டை ஒருக்காப் போனைக் குடுங்கோ, கண்ணின்ரை நிறத்தையும் செட்டையின்ரை நிறத்தையும் கேட்டு எழுதிறன்.”

ஆக, அப்படியொரு ஆண் இந்தக் குடாநாட்டில் இருந்ததைக் கண்ட ஒரே ஆள் போய்விட்டாள், அது இருந்த ஒரே துரவுக்கு மேல் கார் நிற்கிறது, கடைசியில் இந்தத் தொழில் எனக்கென்று விட்டுவைத்தது ஒரு குப்பிக்குள் பெயரில்லாத சில பெண் பூச்சிகளை.