ஆட்டு வருஷத்து மணமக்கள்

சோனுன் என் அண்ணன் மனைவி. பதினேழு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன், கடைசியில் சில வருஷம் படுக்கையிலேயே கிடந்தான். பால் பண்ணையில் விடிகாலைக் கறவையை முடித்துவிட்டு ஓடிவந்து, அவனைக் குளிப்பாட்டி, சவரமும் செய்துவிடுவாள். அவன் போன பிறகு, எங்கள் மலையூரான அட்-பாஷியில் நாங்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள்.

துர்தகுன் கரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வேலையில் இருந்தபோது சோனுன் வீட்டுக்குக் கரி இறக்க வந்தவர், பிறகு கரி இல்லாமலும் வந்தார். ஒருநாள் நான் இருக்கும்போதே கேட்டுவிட்டார்.

"சோனுன், நாம ரெண்டு பேரும் தனித்தனியா அடுப்பு மூட்டறது வீண்தானே?"

"நீங்க என்னைவிடச் சின்னவர். ஊர் சிரிக்கும்" என்றாள்.

பாஸ்போர்ட்டில் அவளுக்கு 1955 ஜனவரி ஒன்று, அவருக்கு 1956 ஜனவரி ஒன்று. எங்கள் பக்கம் அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜனவரி ஒன்றாம் தேதிக்காரர்கள்தான். சரியான தேதி தெரியாதபோது பதிந்தவருக்கு அது சுலபம். வீட்டில் மிருகப் பெயர் கொண்ட பன்னிரண்டு வருஷச் சுற்றை வைத்துத்தான் வயதைச் சொல்வோம்.

"அண்ணி, நீ ஆட்டு வருஷம்னு உங்கம்மா சொல்வாங்களே" என்றேன். "மேய்ச்சல் மலையிலேர்ந்து மந்தை இறங்கின நேரத்துல பொறந்தியாம்."

"ஆமா, அதுக்கென்ன?"

"ஆட்டு வருஷம் 55 மார்ச்ல, நவ்ரூஸ் புத்தாண்டு அன்னைக்குத்தான் ஆரம்பிக்குது. அப்போ நீ பொறந்தது அந்த செப்டம்பர். ஜனவரின்னா முந்தின குதிரை வருஷம் ஆயிடும்."

துர்தகுன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானும் ஆட்டு வருஷம்தான்."

கொச்கோரில் இருந்த தன் அக்காவுக்கு அங்கேயே போன் போட்டார். அந்தம்மாவுக்குக் காது மந்தம். இவர் கத்திக் கேட்க, அந்தம்மாவின் பதிலும் தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"நீயா? நவ்ரூஸ் முடிஞ்சு, ஆடெல்லாம் குட்டி போட்டுட்டிருந்தப்ப பொறந்தே. மந்தையை விட்டு அப்பாவால அசைய முடியல. பனிக்காலத்துலதான் போய்ப் பதிஞ்சார். ஏன்டா கேக்கறே, இந்த வயசுல பள்ளிக்கூடத்துல சேரப் போறியா?"

ஆக, அவர் அந்த ஏப்ரல், இவள் அந்த செப்டம்பர். ஐந்து மாதம் அவர்தான் மூத்தவர். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அவர் மூன்றாவது கிண்ணம் தேநீர் கேட்டார்.

சோனுன் ஊற்றவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"மூத்தவர்னா இன்னும் கஷ்டம்" என்றாள் மெதுவாக. "ஒருத்தரை மண்ணுல வச்சாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது."

வயதுக் கணக்கு வெறும் சாக்கு என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பேசாமல் எழுந்து போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். துர்தகுன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாள் இருப்பேன்னு என்னால சொல்ல முடியாது சோனுன். படுத்தா என் பொண்ணும் வந்து பார்ப்பா. உன்னைத் தனியா விட மாட்டோம். பெரியவன்னு பயமா இருந்தா பாஸ்போர்ட்டை நம்பு. அதுல நான் சின்னப் பையன்."

அவள் சிரித்துவிட்டாள். கிண்ணத்தில் தேநீர் விழுந்தது.

நவம்பரில் கல்யாணம் பதிவானது. ஊர் ஒன்றும் சிரிக்கவில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனது. இப்போது விடிகாலையில் அவளுடைய மாடுகளை அவர்தான் கறக்கிறார். கை வேகம் போதாது என்று திட்டியபடி அவள் பக்கத்திலேயே நிற்கிறாள்.