தினமும் பதினைந்து கிராம்

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன், மாடித் தொட்டி நிரம்ப இருபத்திரண்டு நிமிடம் ஆனது. காபி கலந்து குடித்தேன். 5.25-க்குக் குளித்தேன். மத்தியானத்துக்கு மோர்சாதம் ஒரு டப்பா. கம்பெனி கேன்டீன் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. 5.50-க்குக் கிளியின் கூண்டைத் திறந்து, பழைய செய்தித்தாளை எடுத்துப் புதியதை விரித்து, தண்ணீர் மாற்றி, சமையலறைத் தராசில் பதினைந்து கிராம் விதை நிறுத்துக் கிண்ணத்தில் போட்டேன். முந்தின நாள் மீதம் பதினோரு கிராம். அதைக் கூண்டில் தொங்கும் நோட்டில் எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் 'கண் மூடியிருந்தது' என்றும் எழுதினேன். 6.15-க்கு ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே கம்பெனி பஸ் பிடித்தேன்.

பதினைந்து கிராமில் பதினோரு கிராமைச் சாப்பிடாமல் விட்ட ஒரு பறவை, விடிந்த பிறகும் கண் மூடி இருந்தது. அதை இரண்டு கட்டங்களில் பிரித்து எழுதிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன்.

மாலை 4.40-க்குத் திரும்பி வந்தபோது அது கம்பியில் இல்லை. கூண்டின் தரையில், தாளின் மேல், உடம்பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூக்குத் துவாரத்தைச் சுற்றி ஈரம் காய்ந்து அடைத்திருந்தது. இடது கண் வீங்கி மூடியிருந்தது. கையில் எடுத்தேன். கடிக்கவில்லை. நெஞ்செலும்பு விரலில் குத்தியது. நிறுத்துப் பார்த்தேன்: எழுபத்தொரு கிராம். பிப்ரவரியில் தொண்ணூற்று நான்கு.

அது காட்டுக் கிளி அல்ல. கடையில் விற்கும் சாம்பல் நிறக் கிளி. தலையில் மஞ்சள் கொண்டை, இரண்டு கன்னத்திலும் ஆரஞ்சுப் பொட்டு. மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கி வந்தது. பேசாது, விசில் அடிக்கும். எங்கள் தெருவில் கம்பெனி பஸ்கள் பின்னால் எடுக்கும்போது வரும் ஒலியைக் கற்றுக்கொண்டு, பஸ் இல்லாத நேரத்திலும் அடிக்கும். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போன பிறகு அது என் மனைவியின் கிளி ஆனது. சமையலறை ஜன்னல் ஓரத்தில் கூண்டை வைத்துக்கொண்டு, நறுக்குகிற காயில் ஒரு துண்டு, கிள்ளுகிற கீரையில் ஒரு இணுக்கு என்று போட்டுக்கொண்டே இருப்பாள். எவ்வளவு போட்டாள், எப்போது போட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

பிப்ரவரி 9-ஆம் தேதி அவள் ஓசூருக்குப் போனாள், மகளின் பிரசவத்துக்கு. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். டாக்டர் பிரயாணம் கூடாது என்று சொல்லியிருப்பதாக நான் பதில் சொன்னேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. மகள் போனில் தன் அம்மாவிடம் சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது: "அங்க வேணாம்மா. அப்பா எனக்கும் டைம்டேபிள் எழுதி சுவத்துல ஒட்டிடுவாரு." மனைவி சிரித்தாள். இரண்டு பெட்டிகளில் துணி எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன மூன்றாம் நாள் வெள்ளரித் துண்டு ஒன்று கூண்டில் அழுகி எறும்பு மொய்த்தது. கிளியின் எச்சம் தண்ணீராக இருந்தது. பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதனையில் இருப்பவன் நான். எங்கே மாறுகிறதோ அங்கேதான் குற்றம் என்று பழகியவன். காய், கீரை, பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். விதை மட்டும், தினையும் சூரியகாந்தியும் கலந்தது, தினமும் பதினைந்து கிராம், ஒரே நேரத்தில். அதற்குப் பிறகு எறும்பு வரவில்லை. எச்சம் கெட்டியானது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் பெண், எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட் போகிறவள், பகலில் சமையலறை ஜன்னல் வழியாகக் கூண்டுக் கம்பிக்குள் கோவைப்பழம் நீட்டுவாள். அதையும் தடுத்தேன். வெளியாட்கள் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

"இன்னா சார், கிளிக்கும் ரேஷனா?" என்றாள். "அக்கா இருந்தாங்கன்னா அதுகூட பேசிகினே பாதி காய அதுக்கு போட்டுடுவாங்க. நீங்க இன்னாடான்னா அதுங்கிட்ட கையெழுத்து வாங்காத குறையா கீறீங்க."

அவளுக்கு வாய் அதிகம் என்று அன்றைய டைரியில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 12-ஆம் தேதி லீவு போட்டேன். அந்த வருடத்தின் முதல் லீவு. உதிரிபாகம் வரும் அட்டைப் பெட்டி ஒன்றில் துளைகள் போட்டு, துணி விரித்து, கிளியை வைத்து மறைமலை நகருக்குப் போனேன். அங்கே பறவைகளையும் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். கிளியின் வாயைத் திறந்து டார்ச் அடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். மேல் அண்ணத்தில் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள். என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"அஞ்சு மாசமா இதே தானா?"

"ஒரு நாள்கூட மாறல மேடம்."

அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளி வைத்தார்.

"மாறியிருந்தா இந்த நிலைமைக்கு வந்திருக்காது சார். இப்பவும் பார்க்கலாம். உறுதி சொல்ல முடியாது."

வெறும் விதையில் கொழுப்பு மட்டும்தான் இருக்கிறது என்று விளக்கினார். வைட்டமின் ஏ அறவே இல்லாமல் போயிருக்கிறது, வாயும் மூக்கும் கண்ணும் அதனால்தான் புண்ணாகியிருக்கின்றன, ஈரலும் கெட்டிருக்கலாம். வயிறு நிறையக் கொடுத்துப் பட்டினி போட்டிருக்கிறீர்கள் என்று அவர் வார்த்தையில் சொல்லவில்லை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அன்று முதல் வேலை இதுதான்: கூண்டின் மூன்று பக்கமும் போர்வை, நான்காம் பக்கம் நாற்பது வாட் குண்டு பல்பு. வாய்ப்புண்ணுக்கு மருந்து இரண்டு வேளை, வைட்டமின் சொட்டு ஒரு வேளை. அவித்த பரங்கிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மசித்து, கேழ்வரகுக் கஞ்சியில் கரைத்து, வடிகட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. அலகின் இடது ஓரத்தில் நுழைத்து வலது பக்கம் பார்த்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். முதல் தடவையே அவசரப்பட்டேன். அது கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. துணியால் துடைத்துத் தலைகீழாகப் பிடித்து, ஒரு நிமிடம் இருக்கும், அது திரும்ப மூச்சு விட்டது. அதற்குப் பிறகு என் கை நெருங்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மனைவி தினமும் மாலை ஏழு மணிக்குப் போன் செய்வாள். முதலில் கிளி எப்படி இருக்கிறது என்று கேட்பாள், பிறகு நான் சாப்பிட்டேனா என்று. நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். விசில் கேட்கவில்லையே என்றாள். தூங்குகிறது என்றேன். ஜூலை 12 அன்றும் சொன்னேன், 13 அன்றும் சொன்னேன். பேரன் பிறந்து மூன்று மாதமாகியும் அவள் திரும்பி வரும் தேதியைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளி செத்துப்போனால் இனி அந்தத் தேதியே இருக்காது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்று கேட்டால் விளக்க முடியாது. ஆனால் தெரிந்திருந்தது.

ஜூலை 17, ஆறு நாள் லீவின் கடைசி நாள். பகலில் ஊட்ட ஆள் வேண்டும். பக்கத்துப் போர்ஷன் கதவைத் தட்டினேன். வெளியாட்கள் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொன்ன அதே வாயால் கேட்டேன். அவள் ஷிப்ட் பஸ் இரண்டு மணிக்கு. காலை முழுவதும் வீட்டில்தான் இருப்பாள். எவ்வளவு மில்லி, எந்த நேரம், சிரிஞ்சை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவள் அதை வாங்கி மடித்து டிவி மேல் வைத்தாள்.

"கிளிய குடுங்க சார் மொதல்ல."

மடியில் துண்டு போட்டு அதை உட்கார வைத்துக்கொண்டு, கஞ்சியை விரல் நுனியில் தொட்டு அலகில் தடவினாள். ஏதேதோ திட்டிக்கொண்டே தடவினாள். மூஞ்சப் பாரு, கிழவன் மாதிரி ஆயிட்டே, துன்னுடா, அக்கா வந்தா என்னைத்தான் கேப்பாங்க. அது நாக்கை நீட்டி நக்கியது. என்னிடம் சிரிஞ்சில் ஐந்து மில்லி இறக்க அரை மணி ஆகும்.

ஜூலை 24: எழுபத்தாறு கிராம். ஜூலை 31: எண்பத்தொன்று, இடது கண் திறந்தது. ஆகஸ்ட் 4-ஆம் தேதி அவள் கொடுத்த கோவைப்பழத்தைத் தானே கொத்திக் கிழித்தது. முருங்கைக்கீரையை முதலில் தூக்கி எறிந்தது. நான் ஈரக் கொத்தாகக் கம்பியில் கட்டிவிட்டுப் பத்து நாள் பொறுத்த பிறகு இலையை உருவ ஆரம்பித்தது. அந்தப் பத்து நாள் என்னுடையது. அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. காரட், பரங்கிக்காய், கொத்தமல்லி என்று தினமும் வேறு வேறாக வைத்தேன். நேற்று வைத்தது இன்று வரக் கூடாது என்பதற்கும் ஒரு அட்டவணை போட்டேன். ஆகஸ்ட் 19, சனிக்கிழமை காலை, தெருவில் பஸ் எதுவும் இல்லாதபோது, பின்னால் எடுக்கும் ஒலியை அடித்தது. பக்கத்துப் போர்ஷனில் சுவரைத் தட்டிச் சிரித்தார்கள். அன்று மாலை போனில், விசில் கேளு என்று மனைவிக்குப் பிடித்துக் காட்டினேன். அது அடித்து முடிக்கும்வரை கேட்டாள். பிறகு புதன்கிழமை வருகிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 23-ஆம் தேதி மாலை 5.20-க்கு வந்தாள். தோளில் ஒரே ஒரு பை. மீதிச் சாமான் எங்கே என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கூண்டைத் திறந்தாள். கிளி அவள் கைக்கு ஏறி, தோளுக்குப் போய், காதுக் கம்மலைக் கொத்தியது. அவள் அதன் நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தாள். அலகை நகத்தால் லேசாகத் திறந்து மேல் அண்ணத்தைப் பார்த்தாள். அங்கே பார்க்க வேண்டும் என்று இவளுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன்.

"புண்ணு ஆறிடுச்சு" என்றாள்.

பக்கத்துப் போர்ஷன் பெண் ஜூலை மாதமே, நான் கிளியைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே, போன் செய்து சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையும் எவ்வளவு சாப்பிட்டது, கண் எப்படி இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு நாள் மாலையும் இவள் எனக்குப் போன் செய்து, கிளி எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். முப்பத்தேழு மாலை. பிறகு எண்ணினேன்.

"தெரிஞ்சிகிட்டே ஏன் கேட்ட?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். பேரனுக்குக் கழுத்து நின்றுவிட்டது என்றாள். மகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னும் ஒரு வருடமாவது அங்கே இருக்க வேண்டும் என்றாள். இதையெல்லாம் பால்காரரிடம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். கிளியைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு பஸ்.

நான் உள்ளே போய் அட்டவணையை எடுத்து வந்தேன். எந்தெந்த நாள் என்னென்ன, எது பிடிக்கும், எதைத் தூக்கி எறியும், எல்லாம் அதில் இருந்தது. எடுத்துக்கொண்டு போ, உதவும் என்றேன்.

அவள் அதைக் கையில் வாங்காமல், நான் பிடித்திருக்கும்போதே படித்தாள். முழுவதும் படித்தாள்.

"நீங்க கஷ்டப்பட்டது தெரியுதுங்க. இல்லன்னு சொல்லல" என்றாள். "ஆனா எழுதாம இருந்தப்போ அது நல்லாதான் இருந்தது."

அட்டவணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றியவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ளலாம் என்று அந்த ஆறு வாரத்தில் அவ்வப்போது தோன்றியிருந்தது. காப்பாற்றியது உண்மை. யாரிடமிருந்து என்று கேட்டால்தான் கஷ்டம்.

மறுநாள் வியாழக்கிழமை. 4.30-க்கு எழுந்ததும் முதல் வேலையாக, பஸ் குலுக்கலில் திறந்துகொள்ளக் கூடாது என்று, கூண்டுக் கதவை மெல்லிய கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.