படுத்தும் மண்டியிட்டும் பிள்ளை பெற்ற எங்கள் அக்கா

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நட்புகளுக்கும் அவருடைய ஒரே தங்கையாகிய நான் வணக்கம் சொல்லி எழுதத் தொடங்குகிறேன்.

எழுத உட்கார்ந்த அன்றே, மலரை அச்சடித்துத் தரும் எங்கள் பெரியப்பா மகன் அண்ணன் போனில் கூப்பிட்டார். பனியன்களுக்கு லேபிள் அச்சடிக்கும் தொழில் அவருக்கு.

"அம்மிணி, அக்கா கோயிலுக்குப் போவாங்க, எல்லாருக்கும் ஒதவி செய்வாங்கன்னு எழுதிக் குடு. அந்தப் பிரசவச் சமாச்சாரமெல்லாம் வேண்டாங் கண்ணு. நாலு பேரு படிப்பாங்க."

நாலு பேர் படிக்கத்தானே மலர் போடுகிறோம்? அக்கா கோயிலுக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் வருடக்கணக்கில் வாய் ஓயாமல் பேசிய ஒரே விஷயத்தை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையை எப்படி எழுதுவது? உயிரோடு இருந்தபோதும் "அதை விடு அக்கா" என்றுதான் எல்லோரும் சொன்னோம். இறந்த பிறகும் அதையே சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பல்லடம் பக்கத்தில் பிறந்தார். அப்பா கூலிக்குத் தறி ஓட்டினார். பத்தாம் வகுப்பு முடித்ததும் அக்கா திருப்பூருக்கு பஸ் ஏறினார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தார். நான் கல்லூரிக்குப் போய், இன்று ஓர் ஏற்றுமதி நிறுவன அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததால்தான். மண்ணரையில் வாடகை வீட்டில் இருந்த அயர்ன் மாஸ்டர் மாமாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடிபோனார்.

முதல் பிரசவத்துக்கு வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் வலி எடுத்தது. வீட்டில் இருந்தவரை அக்கா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து நிற்பார்; வலி விட்டதும் வாசலில் நடப்பார். "நிக்கிறப்பக் கொஞ்சம் பரவால்லம்மா" என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தனியார் மருத்துவமனையில் சேர்த்ததும் முதல் வேலையாக மல்லாக்கப் படுக்க வைத்து டிரிப் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"முதுகுல கல்லை வெச்சு அழுத்துற மாதிரி இருக்குதுங்க. ஒருக்கா எந்திரிச்சு உக்காந்துக்கறனுங்க" என்று கேட்டிருக்கிறார்.

"எந்திரிக்கக் கூடாது. படும்மா."

ஒருக்களித்துப் படுக்கட்டுமா என்று கேட்டாராம். அதற்கும் படு என்றுதான் பதில். எதற்காக எழக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன் என்று அக்கா பலமுறை சொல்லியிருக்கிறார். கடைசியில் காலைத் தூக்கி இரும்புத் தாங்கியில் வைத்துத் துணியால் கட்டினார்கள். கட்டுவதற்கு முன்னும் ஒரு வார்த்தை இல்லை. கீழே கத்தரித்து, மகளை எடுத்து, தையல் போட்டார்கள்.

வார்டில் அக்கா அழுதபோது அம்மா சொன்னார்: "டாக்டரம்மாவுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது? கொழந்தை நல்லா இருக்குது. அப்புறம் என்ன கண்ணு?"

அக்கா வாழ்நாள் முழுவதும் கேட்ட பதில் இதுதான். குழந்தை நன்றாக இருக்கிறது. ஆகவே தாய்க்கு நடந்தது எதுவும் பேச்சில் சேராது. இதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமாக வருகிறது.

தையல் ஆறாமல் அக்கா வெகு நாட்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் மெஷினில் உட்கார்ந்தார். பக்கத்து மெஷின்காரி விசாரித்ததற்கு, "என்னைத் தெச்சவங்க நம்ம லைன்ல இருந்திருந்தா, செக்கிங்ல அந்தப் பீஸைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க" என்றாராம். லைனே சிரித்தது. அக்காவும் சேர்ந்துதான் சிரித்தார்.

இரண்டாவது பிரசவத்துக்கு அரசு மருத்துவமனைக்குப் போனார். அன்று பிரசவ வார்டில் ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நடந்தார். வலி நெருங்கியபோது நிற்க முடியாமல் தரையில் மண்டியிட்டு, பெஞ்சின் மேல் இரண்டு கைகளையும் போட்டுக் குனிந்துகொண்டார். ஒரு நர்சம்மா ஓடி வந்தார்.

"ஏம்மா கீழ இருக்கீங்க? எந்திரிங்க."

"முடியலீங்க சிஸ்டர். இப்பிடியே இருந்துக்கறனுங்க."

நர்சம்மா கையுறை போட்டுப் பார்த்தார். தலை நெருங்கிவிட்டது. அங்குமிங்கும் பார்த்தார். பிறகு குனிந்து, "இப்பிடி இருக்கறதுதான் உங்களுக்கு வசதியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

சுத்தமான துணி ஒன்றை விரித்து, அக்காவின் பின்னால் அவரும் மண்டியிட்டு உட்கார்ந்தார். மகன் பிறந்தான்.

இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவின் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். "வலி ஒண்ணும் கொறையலை அம்மிணி. அதே வலிதான். ஆனா நான் என்ன செய்யறேன்னு எனக்குத் தெரிஞ்சுது. குனிஞ்சு நானே பார்த்தேன்."

சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. பணியில் இருந்த டாக்டர் வந்து, அத்தனை பெண்களுக்கு முன்னால் அந்த நர்சம்மாவைப் பிடித்துக்கொண்டார். தரையில் பிரசவம் பார்க்க இது என்ன இடம் என்று கத்தினார். "நாந்தானுங்க கேட்டேன், அவங்களைத் திட்டாதீங்க" என்று அக்கா சொன்னது யார் காதிலும் விழவில்லை. பிறகு ஒரு நாள் நன்றி சொல்லப் போனபோது, நர்சம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். தன்னால்தான் மாற்றினார்களோ என்று அக்கா கடைசிவரை வருந்தினார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஒரு பழக்கம் வந்தது. கம்பெனியில் பிள்ளை பெற்றுத் திரும்பி வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் டீ நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார்: "எப்பிடிப் பெத்தே? படுத்தா, உக்காந்தா, சாஞ்சா?" முதலில் வெட்கப்படுவார்கள். பிறகு டீ ஆறும்வரை பேசுவார்கள். ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பெண்ணுக்குத் தமிழ் வரவில்லை. மெஷின்களுக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து, மேலே கயிற்றைப் பிடிப்பதுபோலக் கைகளைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க, இங்க புரொடக்‌ஷன் ஓடுதுங்களா, நாடகம் ஓடுதுங்களா?" என்றார்.

தேனிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எனக்கு மல்லாக்கப் படுத்திருந்ததுதான்க்கா நல்லா இருந்துச்சு. எந்திரிக்கவே தெம்பு இல்ல" என்றாள்.

"நல்லா இருந்துச்சுன்னா சரி. உன்னக் கேட்டாங்களா?"

"கேக்கலக்கா."

"அதத்தான் சொல்றேன்."

இந்த இடத்தைச் சொந்தங்கள் கவனிக்க வேண்டும். மண்டியிட்டுத்தான் பெற வேண்டும் என்று அக்கா யாருக்கும் சட்டம் போடவில்லை. டாக்டர்களை எதிர்த்தார் என்று நம் வீடுகளில் பேசிக்கொண்டது தவறு. ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதைத் தவிர அவர் வேறு எதுவும் சொல்லவில்லை.

நமது குடும்பத்தில் அதற்குக் கிடைத்த மரியாதையையும் எழுதிவிடுகிறேன். இந்த மலரை அச்சடிக்கும் அண்ணனின் மனைவிக்கு, அதாவது எங்கள் நங்கைக்கு, வளைகாப்பு நடந்தது. வளையல் போடும்போது அக்கா அவரிடம், "வலி வர்றப்ப எந்திரிச்சு நடக்கலாமுங்களான்னு கேட்டுப் பாருங்க. சும்மா கேக்கறதுதானுங்க" என்றார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று அண்ணனின் அம்மா, எங்கள் பெரியம்மா, வளையல் தட்டை நகர்த்திவிட்டார். அதற்குப் பிறகு நம் பக்கத்து வளைகாப்பு எதற்கும் அக்காவை முன்னால் அழைத்து உட்கார வைக்கவில்லை. அக்காவும் பந்தி பரிமாற ஒதுங்கிவிடுவார்.

அண்ணன் போன் செய்த மறுநாள் நான் அவர் வீட்டுக்கே போனேன். எதையும் விடாமல் எழுதுவேன் என்றேன். அவர் மறுபடியும் தொடங்கியபோது, உள்ளே இருந்து நங்கை வந்தார்.

"நான் எப்பிடிப் பெத்தேன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அக்கா சொன்னாங்கன்னு நான் கேட்டேனுங்க. நடந்துக்கோன்னு விட்டாங்க. ரொம்ப நேரம் நடந்தேன். பத்து வருஷமா இதை ஒருத்தருகிட்டயும் சொல்லலை. சொன்னா அத்தை கோவிச்சுக்குவாங்க. அக்காகிட்டக்கூடச் சொல்லலீங்க."

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! நங்கைமீது எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அவரால்தான் இந்தக் கட்டுரை அச்சாகிறது.

என் பிரசவத்துக்கு அரசு மருத்துவமனையில் துணைக்கு உள்ளே வந்தவர் அக்காதான். என்னை மண்டியிட வைக்கப் பார்த்தார். எனக்கு முட்டி தாங்கவில்லை. "உட்ருக்கா, என்னால முடியல" என்று கத்தினேன். அக்கா உடனே கையை எடுத்துவிட்டார். "சரி கண்ணு, உனக்கு எப்பிடி வேணும்?" என்றார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை போல அவருடைய கையை வைத்துக்கொண்டேன். அது சுகமாக இருந்தது. நர்ஸ் வந்து மல்லாக்கத் திரும்பச் சொன்னார். அக்கா கெஞ்சினார்.

"அக்கா, நான் ஒருத்திதான் இத்தனை பேரைப் பாக்கறேன். ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தா நான் எங்க நின்னு பாக்கறது?" என்றார் நர்ஸ். கண்கள் சிவந்து, நிற்க முடியாமல் நின்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "சரி, இப்பிடியே இருங்க. தலை வர்றப்பத் திரும்பிறணும்" என்று போனார். தலை வரும் நேரத்தில் வேறு இருவர் வந்தார்கள். ஒன்றும் கேட்காமல் என்னைப் புரட்டினார்கள். அக்காவை வெளியே நிற்கச் சொன்னார்கள். குழந்தை நன்றாகப் பிறந்தது. அப்புறம் என்ன என்றுதான் என்னையும் கேட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அக்காவின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. கோயம்புத்தூரில் வைத்தியம் செய்தோம். முடி கொட்டியது; சாப்பாடு இறங்கவில்லை. வேலையை மட்டும் விட மாட்டேன் என்று நடுவில் சில வாரங்கள் கம்பெனிக்கும் போய்வந்தார். மகள் கல்யாணத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார், பார்த்தார். மணமேடைக்குப் பக்கத்தில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவரை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கும்வரை உடம்பு ஒத்துழைக்கவில்லை. மாமாவும் மகனும் நானும் பக்கத்தில் இருக்க, மண்ணரை வீட்டிலேயே அமைதியாகப் போய்விட்டார்.

சாவு வீட்டில், "நல்லவதான், பிடிவாதம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி" என்று யாரோ சொன்னது கேட்டது. அன்று பதில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இந்தக் கட்டுரையே என் பதில்.

கோயம்புத்தூரில் அக்காவைக் கவனித்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் எங்கள் நன்றி. வேலை நேரத்தை விட்டு வேன் பிடித்து வந்து கடைசி முகம் பார்த்த கம்பெனித் தோழிகளுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத குறை தெரியாமல் சோறு கொடுத்த மண்ணரை அக்கம்பக்கத்தாருக்கும், மனம் மாறி அச்சடித்துக் கொடுத்த அண்ணனுக்கும், வாய் திறந்த நங்கைக்கும் நன்றி. பெயர் தெரியாத அந்த நர்சம்மாவுக்கும் நன்றி. இந்த மலர் அவர் கைக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அக்காவின் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். போன வாரம் பரிசோதனைக்கு நான் கூட்டிப்போனேன். வலி வரும்போது எழுந்து நடக்கலாமா, அவளுக்கு வசதிப்பட்டபடி இருந்துகொள்ளலாமா என்று கேட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டே, "அந்த நேரத்துல பார்த்துக்கலாம்" என்றார். வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தி, அந்த நேரத்துல யாரு பார்ப்பாங்க?"

துணைக்கு ஒருவரை உள்ளே விடுவார்கள். நான் போகிறேன். பிரசவத்துக்கு டாக்டர் சொன்ன நாளும் அக்காவின் வருட நினைவு நாளும் ஒட்டி ஒட்டி வருகின்றன. அன்று பந்தலில் என்னைக் காணவில்லை என்றால் சொந்தங்கள் யாரும் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்காவின் படத்துக்கு விளக்கு ஏற்ற மாமா இருக்கிறார், மகன் இருக்கிறான். அங்கே அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று கேட்பதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.