வீடோ, காம்ப்போ

மொன்ட்ரியாலுக்கு வடக்கே காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் மரவீடுகளை அளந்து பதிவு செய்வதுதான் அந்த வருடங்களில் என் வேலை. காட்டை வெட்டி முதன்முதலில் குடியேறியவர்கள் தாங்களே மரம் அறுத்துக் கட்டிய வீடுகள் அவை. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் ஒரு சிறிய சங்கம் எனக்குச் சம்பளம் தந்தது. கட்டடத் தொழில்நுட்பம் படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. கேட்பவர்கள் எல்லாரும் எவ்வளவு அழகான வேலை என்பார்கள். நான் மறுப்பதில்லை. ஆனால் அதில் பெரும்பங்கு எலிப்புழுக்கையும் ஈரமும் முதுகுவலியும்தான்.

என்னிடம் அப்போது கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இல்லை. மொன்ட்ரியாலிலேயே சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் அப்பாதான் சனிக்கிழமைகளில் எங்கள் பழைய வான் வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். நான் அளவுநாடா, மட்டப்பலகை, குத்தூசி, டோர்ச், முகமூடி, தறப்பாள் என்று ஒவ்வொன்றாக இறக்குவதற்குள் அவர் ஆசனத்தைச் சாய்த்து உறங்கிவிடுவார். நான் முடித்து வந்து கண்ணாடியைத் தட்டியதும் எழும்பித் திரும்ப ஓட்டுவார். வழியில் இருவரும் அதிகம் கதைப்பதில்லை. இருவருக்கும் களைப்பு.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு பெண் சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர், ஐம்பது வயதிருக்கும். குடும்பக் காணியை விற்றுவிட்டாராம். வாங்கியவருக்கு வெறும் நிலம்தான் வேண்டுமாம். பனி விழுந்து காடு நனைந்ததும், அதற்குள் நிற்கும் கட்டடத்தை எரித்துவிடுவாராம். அதற்கு முன் யாராவது கழற்றிக்கொண்டு போனால் தடையில்லை என்றாராம். அந்தப் பெண் கட்டடத்தைச் சொன்ன சொல், “எங்கட காம்ப்.” அவர் பேசியது பிரெஞ்சு. நான் எழுதும்போது எங்கள் தமிழாகத்தான் வருகிறது.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் விஷயத்தைச் சொன்னேன்.

“சனிக்கிழமை ஒரு காம்ப் பாக்கப் போறன்.”

அம்மா கையில் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றார். “என்ன காம்ப்?”

“காட்டுக்குள்ள ஒரு காம்ப் அம்மா. பழசு.”

“பழசெண்டா? ஆமி விட்டிட்டுப் போனதோ? கண்ணிவெடி கிண்ணிவெடி இருந்தா?”

அப்பாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. “இஞ்சாருமப்பா, இது கனடா. இவங்கள் மான் சுடப் போய்ப் படுக்கிற கொட்டிலையும் காம்ப் எண்டுதான் சொல்லுறவங்கள்.”

“துவக்கோட போய்ப் படுக்கிற இடம்தானே? அப்ப நான் சொன்னதில என்ன பிழை?” என்றார் அம்மா. “நானும் வாறன்.”

கியூபெக்கில் காம்ப் என்றால் காட்டுக்குள் வேட்டைக்காரரும் மரம் வெட்டுபவர்களும் தங்கும் மரக்குடில். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு இரண்டே பொருள்தான். இராணுவம் இருக்கும் ஆமிக் காம்ப், போரில் ஓடியவர்கள் தங்கும் அகதிக் காம்ப். அம்மா இரண்டையும் பார்த்தவர்.

அலுவலகத்திலும் அதே சொல்தான் தொல்லையாக வந்தது. வருடத்துக்கு ஒரு கட்டடத்தைக் கழற்றிக் கொண்டுவரத்தான் எங்கள் சங்கத்துக்கு ஆள்பலம் இருந்தது. அதனால் தலைவர் ஒரு விதி வைத்திருந்தார்: குடியேறியவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த வீடுகள் மட்டும். காம்ப்புகள் வேண்டாம், அவை காடு முழுக்க இருக்கின்றன.

“சொந்தக்காரியே காம்ப் எண்டு சொல்லுறா. பிறகு நீ என்னத்தைப் பாக்கப் போறாய்?” என்று கேட்டார்.

“பாத்திட்டுச் சொல்லுறன்” என்றேன்.

சனிக்கிழமை நாங்கள் போனபோது அந்தப் பெண் தன் பிக்கப்பில் சாய்ந்து சிகரெட் குடித்துக்கொண்டு நின்றார். பேர்ச் மரங்களுக்கு நடுவில் கட்டடம் ஒரு பக்கம் சரிந்து நின்றது. கூரைத் தகரம் ஒரு மூலையில் கழன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா குளிர்ச்சட்டைக்கு மேல் சால்வையும் சுற்றிக்கொண்டு வானை விட்டு இறங்கினார். அப்பா உறங்கிப்போனார்.

உள்ளே முதலில் கண்ணில் பட்டதெல்லாம் காம்ப்தான். சுவரோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த படுக்கைப் பலகைகள், மான்கொம்பு, பியர் மூடிகள், எண்ணெய்ச் சீலை போட்ட சீட்டாட்ட மேசை. நான் முகமூடியைப் போட்டுக்கொண்டு வழக்கமான ஒழுங்கில் தொடங்கினேன். மூலைகள், சுவரின் அடியில் மண்ணோடு கிடக்கும் கீழ்வரி மரங்கள், தரை, கூரை. வேட்டைக் குடில்களை உருண்டை மரத்தில்தான் கட்டுவார்கள், முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கே ஒவ்வொரு மரமும் கோடரியால் நான்கு பக்கமும் செதுக்கப்பட்டிருந்தது. மூலைகளில் முனைகளை விசிறிபோல் விரித்து வெட்டி, ஒன்றை ஒன்று கவ்வப் பொருத்தியிருந்தார்கள். தரைப்பலகைக்குக் கீழே நிலவறை, அதில் கிழங்கு போட்டுவைக்கும் பெட்டிகள். மாடிக்கு ஏறும் படிகள் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தன. வருடத்தில் சில கிழமைகள் வந்து போகும் வேட்டைக்காரரின் சப்பாத்துக்கு அப்படித் தேயாது.

நான் வெளியே வந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “இது வீடு. வாற கிழமை எங்கட தலைவர் வருவார். அவர் கேட்டா வீடு எண்டு சொல்லுங்கோ. காம்ப் எண்டு சொன்னா அவர் உள்ளுக்கே போகமாட்டார்.”

அவர் சிகரெட்டை எறிந்து மிதித்தார். “நான் பிறந்ததிலயிருந்து காம்ப் எண்டுதான் கேட்டது. அப்பா, மாமாமார், எல்லாரும் ஒக்டோபரில இஞ்ச வருவினம். பொம்பிளைப் பிள்ளையள் வரக்கூடாது. நான் உள்ளுக்குப் போனதே காணி விக்கேக்கதான். இப்ப திடீரெண்டு வீடெண்டு சொன்னா அது பொய் மாதிரி இருக்கும்.”

“அப்ப எரியட்டும் எண்டோ?”

“எரியட்டும் எண்டா நான் ஏன் உங்களுக்கு ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறன்?”

அது உண்மை. தினமும் மதியம், பஸ் ஓட்டத்துக்கு நடுவில், எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

“உந்த மனுசி என்ன சொல்லுறா?” என்று அம்மா கேட்டார். நான் சொன்னேன். வீடாக இருந்தது, பிறகு ஆம்பிளையள் துவக்கோடு வந்து தங்கியதால் காம்ப் ஆகிவிட்டது, இப்போது வீடென்று சொல்ல வாய் வரவில்லையாம்.

அம்மா சால்வையை இறுக்கிக்கொண்டார். “அவவுக்குச் சொல்லு. எங்கட வீட்டிலயும் துவக்கோட ஆக்கள் வந்து இருந்தவங்கள். வருசக்கணக்கா. போய்ப் பாக்கக்கூட விடேல்லை. அதுக்காண்டி அது காம்ப்போ? ஆரும் கேட்டா நான் காம்ப் எண்டு சொல்லுவனோ?”

நான் பாதியைச் சுருக்கித்தான் மொழிபெயர்த்தேன். ஊரில் எங்கள் வீட்டைப் பாதுகாப்பு வலயம் என்று ஆமி பிடித்துவைத்திருந்ததை முழுதாகச் சொல்ல என் பிரெஞ்சு போதாது, அன்று எனக்குத் தெம்பும் இல்லை. அந்தப் பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

“என்ர அம்மா அந்த மாடியிலதான் பிறந்தவ” என்றார் கடைசியில். “ஆனா அவவும் காம்ப் எண்டுதான் சொல்லுவா.”

அதை நான் தமிழில் சொன்னதும் அம்மா தயங்கவேயில்லை. “அப்ப தாய் சொன்னதும் பிழை.” பிறகு, வீடு என்பதற்குத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொல்லை வைத்து நேராகவே சொன்னார். “நோ காம்ப், மதாம். மெசோன்.”

“பட்டிக்காடு மாதிரி வாதாடாதையுங்கோ அம்மா” என்றேன்.

“நீ சும்மா இரு. நாங்கள் கதைக்கிறம்.”

அந்தப் பெண் முதன்முறையாகச் சிரித்தார். அம்மா பிளாஸ்கைத் திறந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை தலைவர் வந்தார். காரை விட்டு இறங்கும்போதே கேட்டார். “என்ன இது, மதாம்?”

“காம்ப்” என்றார் அந்தப் பெண். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி கார்க் கதவைத் திறக்கப் போனார்.

“நில்லுங்கோ” என்றார் அந்தப் பெண். பஸ்ஸில் குழப்படி செய்யும் பிள்ளைகளை அதட்டும் குரல் அது. “எங்களுக்குத்தான் காம்ப். எங்களுக்கு முதல் இருந்த ஆக்களுக்கு என்னவெண்டு உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டு நீங்கள் சொல்லுங்கோ. அதுக்குத்தானே படிச்சனீங்கள்?”

அவர் போனார். நெடுநேரம் உள்ளே நடந்துகொண்டிருந்தார். வெளியே வந்தபோது தொப்பி முழுக்கச் சிலந்திவலை. மூலைகளையும் நிலவறையையும் பார்த்திருக்கிறார் என்று முழங்காலில் ஒட்டிய மண்ணிலிருந்து தெரிந்தது. “வீடுதான்” என்றார். “ஆனா கீழ்வரி மரம் எல்லாம் உக்கிப்போச்சு. மேல உள்ளதைத்தான் எடுக்கலாம்.”

நவம்பர் தொடக்கத்தில் கழற்றினோம். ஒவ்வொரு மரத்திலும் அலுமினியத் தகடு அடித்து, எந்தச் சுவர், எந்த வரி என்று குறித்தேன். கை விறைத்து எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. மழையும் பனியும் கலந்து கொட்டியது. அப்பாவின் தொழிற்சாலை நண்பர்கள் சிலர் தூக்க வந்தார்கள். இரவு வேலை முடித்த கண்களோடு வந்தவர்கள், ஒரு மரத்தை இறக்கியதும் அதன்மேலேயே இருந்தபடி கண்ணயர்ந்தார்கள். “அண்ணை, இதை எரிச்சிருந்தா நாங்கள் எல்லாரும் படுத்திருக்கலாம்” என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உக்கிப்போன மரங்களை அங்கேயே விட்டோம். மறுகிழமை அவற்றை எரித்துவிட்டார்களாம்.

சங்கத்துக்கு சென்ட் லோரன்டில் ஒரு பழைய கிடங்கு இருந்தது. மரங்களை அங்கே அடுக்கித் தறப்பாளால் மூடினோம். திரும்பக் கட்ட ஒரு நிலம் தேவை. எந்த ஊர்ச்சபையும் தருவதாகச் சொல்லவில்லை. காப்பாற்றியாயிற்று என்று தலைவர் ஆண்டறிக்கையில் எழுதினார். எனக்கு அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்யும்போது உற்சாகம் ஒன்றும் வரவில்லை.

“வீடு எழும்பிட்டோ?” என்று அம்மா இடைக்கிடை கேட்பார்.

“இல்லை. கிடங்கில கிடக்கு.”

“தறப்பாளுக்குக் கீழயோ?”

“ஓம்.”

“பாவம். அகதியாப் போச்சு” என்பார், வெங்காயம் உரித்தபடி.

ஜனவரியில் ஒருநாள் அந்தப் பெண் கிடங்குக்கு வந்தார். காலை ஓட்டம் முடித்துப் பெரிய சப்பாத்தோடு, இமைமயிரில் பனியோடு வந்தார். நான் தறப்பாளின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்து ஒரு தகட்டை வாசித்தார்.

“இது எது?”

“வடக்குச் சுவர். அடுப்பு இருந்த பக்கம்.”

“எப்ப நிமித்துவியள்?”

வசந்தத்தில் என்று சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவோம். “தெரியாது. நிலம் கிடைக்கேல்லை. கிடைக்காமலும் போகலாம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். கையுறையைக் கழற்றி மரத்தின் கோடரி வெட்டுகளைத் தடவிப் பார்த்தார். “ஈரம் பட்டா இந்தத் தகடு துருப்பிடிக்குமோ?”

“இல்லை. அலுமினியம்.”

“அப்ப சரி. நிலம் கிடைக்கேக்க எந்த மரம் எதெண்டு தெரிஞ்சால் போதும்.”

மதிய ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றார். போகும் முன் தறப்பாளின் தன் பக்கத்து முனையை இழுத்து மரத்துக்கு அடியில் செருகினார். நான் மற்றப் பக்கத்தைக் கட்டினேன்.