ஒரு வாய் பருப்புச் சோறும் கிழிந்த மெத்தை உறையும்

அன்று அந்த அறையில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். கட்டிலில் என் தங்கை செண்பகம். தொட்டிலில் அவள் பெற்ற பெண் குழந்தை. ஜன்னலோரம் அவள் மாமியார், முக்கூடல் அத்தை. தூக்குவாளியும் கையுமாக நான். வேறு யாரும் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. டெட்டாலும் தாய்ப்பாலும் கலந்த வாசனை... இன்றைக்கும் எங்காவது டெட்டால் வாடை வந்தால் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும்.

சிசேரியன். முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. பிறகு காய்ச்சல். தையல் போட்ட இடம் சிவந்து சீழ் வைத்துவிட்டது. காய்ச்சல் இறங்காவிட்டால் தையலைப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

அறுத்துத் தையல் போட்டிருப்பவர்கள் பருப்பு சாப்பிட்டால் புண் பழுக்கும் என்பது எங்கள் வீடுகளில் ஒரு நம்பிக்கை. என் தூக்குவாளியிலிருந்து செண்பகம் ஒரு வாய் பருப்புச் சோறு எடுத்துத் தின்றதை அத்தை பார்த்திருந்தார்கள்.

"நாக்கைக் கட்ட முடியல உனக்கு. இப்ப வயித்தைத் திரும்பப் பிரிக்கப் போறாவ. பிள்ளைக்குப் பால் யாரு கொடுப்பா, நானா?"

செண்பகம் என் கையைப் பிடித்துக்கொண்டு பைய கேட்டாள்.

"ஒரு வாய்தானேக்கா... அதுக்கா இப்படி ஆகும்?"

எனக்கும் தெரியவில்லை. காந்திமதி அம்மையை நினைத்து அவள் நெற்றியில் திருநீறு இட்டேன்.

குழந்தை அழுதது. நான் தூக்கினேன். பால் கொடுப்பதற்காகச் செண்பகத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார்கள். சேலை பின்பக்கம் நனைந்திருந்தது.

"ஏளா, பிள்ளை ஒண்ணுக்கு இருந்துட்டாளா?"

"பிள்ளை என் கையில காய்ஞ்சுதான் இருக்கா அத்தை."

அத்தை சேலையை முகர்ந்து பார்த்தார்கள். முகம் மாறியது. விரிப்பைத் தூக்கினார்கள்.

மெத்தையின் ரெக்சின் உறை ஓரம் நெடுகக் கிழிந்திருந்தது. கிழிசல்மேல் பிளாஸ்திரி... அதுவும் உரிந்து தொங்கியது. அத்தை விரலால் அழுத்தியதும் உள்ளிருந்த ஸ்பஞ்சிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்தது. பால் கொடுக்க ஒருக்களிக்கும்போதெல்லாம் செண்பகத்தின் வயிற்றுக் கட்டு அந்த இடத்தில்தான் பட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

நர்ஸ் கிரேஸ் சிஸ்டரைக் கூப்பிட்டோம். நல்ல மனுஷி. கண் கலங்கிவிட்டார்.

"தினமும் லோஷன் போட்டுத் துடைக்கத்தான் செய்யுதோம் ஆச்சி. மேல துடைக்கலாம், உள்ள இறங்குனதை எப்படித் துடைக்க? புது உறை கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு."

"இதுக்கு முன்னால இதுல யாரு கிடந்தா?"

சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "புண்ணு ஆறாம ஒரு அம்மா கிடந்தாவ."

டாக்டர் வந்து மெத்தையையே மாற்றச் சொன்னார். மருந்தையும் மாற்றினார். "பருப்பு ஒண்ணும் செய்யாது. எனக்கு இந்த ஈரத்து மேலதான் சந்தேகம்" என்றார். தையலைப் பிரிக்காமலே காய்ச்சல் இறங்கியது.

அத்தை மன்னிப்பெல்லாம் கேட்கிற ஆள் இல்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் முக்கூடலிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள், மடியில் ஒரு தூக்குவாளியோடு. திறந்தால் குழையப் பிசைந்த பருப்புச் சோறு, மேலே நெய்.

"வாயைத் திற."

அவர்களே ஊட்டினார்கள். செண்பகம் அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

"என்ன, உப்பு கூடிப்போச்சோ?"

"இல்லத்தை..."

அத்தை இப்போது இல்லை. அந்தத் தொட்டில் குழந்தை உமாவுக்கு இப்போது பிரசவ மாதம் நெருங்குகிறது. ஆஸ்பத்திரிகளும் எவ்வளவோ மாறிவிட்டன. ஏசி, டிவி... ஆளுக்கு ஆள் தெர்மாமீட்டரைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் வைக்கிறார்கள். பார்க்க மனது நிறைகிறது.

போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியில் அறையைக் காட்டினார்கள். நான் கட்டில் விரிப்பைத் தூக்கினேன். "பெரியம்மா, எல்லாரும் பாக்காவ" என்று உமா வெட்கப்பட்டுக் கையை இழுத்தாள்.

மெத்தை ஓரத்தில் ஒரு பிளாஸ்திரி இருந்தது.

டவுனிலோ பாளையங்கோட்டையிலோ சமீபத்தில் பிரசவத்துக்குப் போய்வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மெத்தை உறை கிழியாமல் இருக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். நாள் அதிகம் இல்லை. சீக்கிரம் பதில் போடுங்கள்.